மெட்டுக்குள் தமிழ் உட்கார வேண்டும்: இசைக்குழுவாகச் சேர்ந்து பாட்டு அமைக்க ஒரு வழிகாட்டி

சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுப் போடும் குழுக்களில் பல ஒரே விதமாகத்தான் தொடங்குகின்றன. கிட்டார் வாசிப்பவர் நான்கு கார்ட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பாடுபவர் அதன்மேல் ஆங்கிலம் போல ஒலிக்கும் பொருளற்ற சொற்களை முணுமுணுத்து ஒரு மெட்டைப் பிடிக்கிறார். மெட்டு எல்லோருக்கும் பிடித்துப்போன பிறகு, அதற்குத் தமிழில் வரி எழுதும் வேலை யாரேனும் ஒருவர் தலையில் விழுகிறது. அப்படிப் பிறந்த பாட்டில் தமிழ் இரவல் சட்டை போட்டதுபோல் நிற்கும். பழி வரி எழுதியவர் மேல் போகும். ஆனால் மெட்டு உருவான நேரத்தில் தமிழின் குறிலும் நெடிலும் அந்த அறைக்குள் வரவே இல்லை என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டு வரிகளும் எழுதி வருபவன் என்ற முறையில், நாங்கள் பல பாட்டுகளைக் கெடுத்துக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எதைப் பற்றி எழுதுவது

பாட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மழை, இரவு, நெடும்பயணம் என்று சொல்வது கலைஞர்களின் வழக்கம். அது பொய்யன்று, ஆயினும் புதிதாக எழுத உட்காருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உணர்ச்சியின் பெயரை எழுதாமல் அந்த உணர்ச்சி ஒட்டிக்கொண்டிருந்த பொருளைத் தேடுவதே எழுதத் தொடங்குபவருக்கு உதவும்.

2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோனபோது, நாங்களும் தண்ணீரைப் பற்றி ஒரு பாட்டு எழுத முயன்றோம். பூமி அழுகிறது, நதிகள் எங்கே போயின என்ற போக்கில் நான்கு வரைவுகள் எழுதினோம். நான்கும் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியைப் போலவே ஒலித்தன. ஐந்தாம் நாள், டிரம்ஸ் வாசிக்கும் நண்பர், தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது எல்லார் வீட்டுக் குடமும் ஒரே பச்சை நிறத்தில் இருந்ததால், தம் அம்மா தங்கள் குடத்தின் கழுத்தில் தங்கையின் பழைய ரிப்பனைக் கட்டி அடையாளம் வைத்திருந்ததைத் தேநீர்க் கடையில் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ரிப்பன் அன்றிரவே பல்லவியாகிவிட்டது. ஏரி என்ற சொல் அந்தப் பாட்டில் ஓரிடத்திலும் இல்லை.

அதன் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. வாரம் ஒருமுறை கூடும்போது, ஒவ்வொருவரும் அந்த வாரம் கண்ணால் கண்டது ஒன்று, காதால் கேட்டது ஒன்று என்று இரண்டைக் கொண்டுவர வேண்டும். கருத்து எதையும் கொண்டுவரக் கூடாது. பெரும்பாலானவை வீணாகும், ஆனால் வீணானவையும் நோட்டில் இருக்கட்டும், ஏனெனில் ஓர் ஆண்டு கழித்து வேறொரு மெட்டுக்கு அவற்றில் ஒன்று தேவைப்படலாம்.

யாருடைய பேச்சில் எழுதுவது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். சென்னையில் வளர்ந்தவர் ‘வந்துடுச்சு’ என்பார், மதுரைக்காரர் ‘வந்துருச்சு’ என்பார். ஒரே பாட்டில் இரண்டும் வந்தால், காரணம் புரியாவிட்டாலும் கேட்பவருக்கு ஏதோ இடறும். பாடுபவர் வீட்டில் எப்படிப் பேசுகிறாரோ அந்தப் பேச்சில் எழுதுவது எங்கள் வழக்கம். வேறு வட்டாரத்தின் பேச்சை அழகுக்காக இரவல் வாங்கிய இரண்டு பாட்டுகளை நாங்கள் மேடையில் இப்போது பாடுவதில்லை.

மாத்திரைக் கணக்கு

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். படம் நீண்டால் பாடம், விடு நீண்டால் வீடு என்னும் அளவுக்குத் தமிழில் எழுத்தின் நீளம் பொருளையே மாற்றிவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நம் இலக்கணம் வகுத்திருப்பதை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்போம். பாட்டு எழுதும் அன்று அது திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். எங்கள் முதல் பாட்டுகளில் ஒன்றில் ‘மலையில் ஏறி வந்தேன்’ என்று ஒரு வரி இருந்தது. மெட்டின் முதல் சுரம் நீளமானது என்பதால் பாடகி அதை இழுக்க, அது ‘மாலையில் ஏறி வந்தேன்’ என்று ஒலித்தது. மாலையில் எதில் ஏறி வந்தீர்கள், ரயிலிலா என்று கேட்டார் ஒருவர்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. நீண்ட சுரம் விழும் இடத்தில் நெடிலில் தொடங்கும் சொல் வருமாறு வரியைத் திருப்பிப் போடலாம். நாங்கள் செய்தது அதுதான், ‘ஏறி வந்தேன் மலையில்’ என்று மாற்றியவுடன் ஏகாரம் நீண்ட சுரத்தில் சுகமாக உட்கார்ந்தது. அல்லது மெட்டில் கைவைத்து, அந்தச் சுரத்தைச் சுருக்கி, மீந்த நேரத்தை அடுத்த எழுத்துக்குக் கொடுக்கலாம். மெட்டு புனிதமானது, வரிதான் வளைய வேண்டும் என்று யாராவது வாதிட்டால், சொல் கெட்ட மெட்டை யாரும் இரண்டாம் முறை முணுமுணுப்பதில்லை என்பதை நினைவூட்டுங்கள்.

மெட்டைக் கார்ட்ஸாகவோ வெறும் முனகலாகவோ கொடுக்காமல் தத்தகாரமாக, அதாவது தன, தான போன்ற பொருளற்ற அசைகளாக, எழுதிக் கொடுப்பது வரி எழுதுபவருக்குப் பெரிய உதவி. அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாடல் ஒவ்வொன்றுக்கும் மேலே அதன் சந்தம் தனத்தன, தானன என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வேலை அதேதான். ‘தனன தானா தனன தானா’ என்று ஒரு மெட்டு இருந்தால், தனன என்பதில் மூன்று, தானா என்பதில் நான்கு, ஆக ஏழு மாத்திரை. தாளக்காரர் இதைத் தகிட தகதிமி என்று சொல்லி மிஸ்ர நடை என்பார். மேற்கத்திய முறையில் பயின்ற டிரம்மர் இதையே செவன் எய்ட் என்பார். ‘மழையின் வாசம் தெருவில் வீசும்’ என்று எழுதிப் பாருங்கள், ஓர் எழுத்தும் இழுக்கப்படாமல், ஓர் எழுத்தும் நசுங்காமல் அமர்ந்துகொள்ளும். ‘வாசம் வீசும் தெரு’ என்று எழுதினால் பொருள் ஏறக்குறைய அதுவே, ஆனால் பாடகர் மூச்சுத் திணறுவார். பேச்சு வழக்குக்கும் இதே கணக்கு உண்டு: ‘போகிறேன்’ ஐந்து மாத்திரை, ‘போறேன்’ நான்கு, எதை எடுப்பது என்பதை மரியாதையோ இலக்கணமோ தீர்மானிக்காமல் நடை தீர்மானிக்கட்டும்.

மெய்யெழுத்துகளையும் கவனியுங்கள். மெல்லினமும் இடையினமும் சுரத்தைத் தாங்கும். மண், வெயில், தாழ் போன்ற சொற்களில் கடைசி மெய்யிலேயே சற்று நேரம் நின்று பாட முடியும். வல்லினம் மூச்சை அடைத்துவிடும்: ‘பட்டு’ என்பதில் ட்-டில் நிற்கப் பார்த்தால் அமைதிதான் கேட்கும். அந்த அடைப்பே சில இடங்களில் தேவை. டிரம்ஸும் பேஸும் வெட்டி வெட்டி வரும் பகுதிக்கு வல்லினம் நிறைந்த சொற்களைப் போட்டால் குரலும் ஒரு தாளக் கருவியாகிவிடும், தமிழ் ராப் பாடுவோர் இதை நன்கு அறிவர்.

வரியின் முடிவில் நீண்ட சுரம் இருந்தால், ‘போனது’, ‘வந்தது’ போலக் குற்றியலுகரத்தில் முடியும் சொற்களைத் தவிருங்கள். ‘போனதூ’ என்று நீளும்போது சொல் கேலியாகிவிடும். நாட்டுப்புறப் பாட்டுகளில் வரிக்கு வரி ‘ஏ’ என்றும் ‘ஓ’ என்றும் ‘அம்மா’ என்றும் வருவது சும்மா இட்டு நிரப்பியதன்று, நீளும் சுரத்துக்கு அங்கே இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். எதுகை மோனை தானாக வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வரி முடிவுகளை மட்டும் ஒரே ஓசையில் அடுக்கிக்கொண்டே போனால் பாட்டு நகைக்கடை விளம்பரம் போல் ஆகிவிடும் என்பது என் கருத்து, எங்கள் கிட்டார்க்காரருக்கு இதில் உடன்பாடில்லை.

டம்மி வரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெட்டுப் பிடிக்கும்போது வாய்க்கு வந்ததைப் பாடுவதில் தவறில்லை, ஆனால் அதைத் தமிழ் ஒலிகளில் பாடுங்கள். ஒரு வாரத்துக்குமேல் அதே டம்மியைப் பாடிக்கொண்டிருந்தால் காது அதற்குப் பழகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல வரி வந்தாலும் குழுவுக்கு அது அந்நியமாகத் தோன்றும்.

ஜாம் அறையில்

மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கும் அறையில் வரியைப் பற்றி விவாதிக்காதீர்கள், அதைத் தேநீர்க் கடையில் இலவசமாகச் செய்யலாம். உள்ளே நுழைந்தவுடன் கைபேசியில் பதிவை ஓடவிட்டு, வெளியேறும் வரை நிறுத்தாமல் இருங்கள். நல்லது என்று நினைத்துப் பதிவு செய்தவற்றைவிட, ஒருவர் கேபிளைச் செருகும்போது இன்னொருவர் விளையாட்டாக வாசித்தது பல முறை பாட்டாகியிருக்கிறது. கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். ‘புதிய பாட்டு கடைசி’, ‘புதிய பாட்டு உண்மையான கடைசி’ என்று பெயர் வைத்துவிட்டு நாங்கள் பட்ட பாடு போதும்.

சுருதியைப் பாடுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். கிட்டார் வாசிப்பவருக்கு இ, ஜி ஆகிய ஸ்கேல்களில் விரல் எளிதாக ஓடும் என்பதால் எல்லாப் பாட்டும் அங்கேயே போய் விழும், பாடகியோ மேல் ஸ்தாயியில் கத்திக்கொண்டிருப்பார். கர்நாடக இசை பயின்றவர் தம் சுருதியைக் கட்டைக் கணக்கில் ‘எனக்கு ஐந்தரைக் கட்டை’ என்று சொன்னால் அது ஜி ஷார்ப் என்று கிட்டார்க்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. கேப்போ என்ற சிறிய கருவியைக் கிட்டாரின் கழுத்தில் மாட்டிக்கொண்டால் விரல் பழகிய வடிவத்திலேயே வேறு சுருதியில் வாசித்துவிடலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

எந்தக் கருவிகள் வேண்டும் என்பதை முன்கூட்டியே பட்டியல் போடாமல், கூட இருப்பவர்கள் எதை நன்றாக வாசிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானா பாடகர்களும் பறையும் கிட்டாரும் ஒன்றாக நின்றபோது, அந்த ஒலி எவரையும் போலச் செய்ததாக இல்லாமல் இருந்ததற்கு அதில் நின்றவர்களே காரணம். பெங்களூரின் அகம் குழு கர்நாடகக் கீர்த்தனைகளை ராக் இசையோடு வாசிப்பதற்கும் அவர்கள் பயின்று வந்த வழியே அடிப்படை. பறையைச் சேர்த்துக்கொள்வதானால், தோல் பறையை வாசிப்பதற்குமுன் தீயில் காய்ச்ச வேண்டும் என்பதையும், கடற்கரைக் காற்றில் அது விரைவில் தொய்ந்துவிடும் என்பதையும் மேடை ஏற்பாட்டாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பறையின் வீச்சும், டிரம்ஸில் படபடவென்று கூர்மையாக ஒலிக்கும் ஸ்நேர் டிரம்மின் வீச்சும் ஒரே இடத்தில் விழுந்தால் இரண்டும் கெடும், ஒன்று ஒதுங்கியாக வேண்டும். எங்கள் பாட்டுகளில் ஸ்நேர்தான் ஒதுங்குகிறது.

யார் எழுதியது என்பதை அன்றே எழுதுங்கள்

பாட்டு முடிந்த நாள் மகிழ்ச்சியான நாள், பணப் பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வராது. எங்களுக்கும் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் குழுவை விட்டு விலகியபோது, ஒரு பாட்டின் பல்லவி மெட்டு யாருடையது என்பதில் ஐந்து பேருக்கு ஐந்து ஞாபகங்கள் இருந்தன. அந்தப் பாட்டு இன்றுவரை வெளிவரவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வரி ஒரு படைப்பு, இசை வேறொரு படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது. வரிக்கும் இசைக்கும் உரிமை, படைத்தவரின் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். சட்டம் இசையமைத்தவரையே இசையின் ஆசிரியராகக் கருதுவதால், டிரம்மரின் தாளக்கட்டு பாட்டையே தூக்கி நிறுத்தியிருந்தாலும் அவருக்குத் தானாகப் பங்கு வந்துவிடாது. குழுவாகப் பகிர்வதென்றால் அதைத் தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பாட்டின் பெயர், தேதி, வரியில் யாருக்கு எத்தனை விழுக்காடு, இசையில் யாருக்கு எத்தனை, ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டவர் யார் என்னும் அரைப் பக்கம் போதும்.

வெளி நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் நீட்டினால், காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கும், எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் இசையமைத்தவரும் பாட்டு பயன்படும்போது தமக்கு வரவேண்டிய சம பங்கு ராயல்டியை அந்த நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதப்பட்டிருந்தாலும் அது செல்லாது. 1969இல் தொடங்கப்பட்ட, இந்த ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் வரி எழுதுபவரும் இசையமைப்பவரும் தனித்தனியே உறுப்பினராகலாம், பாட்டு வெளிவருமுன் அதைச் செய்துவிடுவது நல்லது.

வெளியிடுமுன் ஒரு சோதனை

மிக்ஸிங் முடிந்து கோப்பை அனுப்புமுன், பாட்டை ஒருமுறைகூடக் கேட்டிராத ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, வரிகளைக் காட்டாமல், ஒருமுறை மட்டும் ஒலிக்கவிட்டு, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். இசைக்காரர்கள் வேண்டாம், அவர்கள் டிரம்ஸின் ஒலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இருவருக்குமேல் ஒரே இடத்தில் தவறாக எழுதியிருந்தால், பாடகரின் உச்சரிப்பைக் குறை சொல்வதற்குமுன் அந்தச் சொல்லின் மாத்திரையை எண்ணிப் பாருங்கள். எங்கள் குடத்துப் பாட்டில் ‘கழுத்தில்’ என்று எழுதியதை மூவர் ‘எழுத்தில்’ என்று எழுதித் தந்தனர். ககரம் கிட்டாரின் அடிக்குள் முழுகிப் போயிருந்தது. கிட்டாரை அந்த ஓரிடத்தில் அரை மாத்திரை தள்ளி வாசிக்கச் சொன்னோம். இப்போது பாட்டைக் கேட்பவர்கள் அங்கே ஒரு சிறு இடைவெளி இருப்பதைச் சிலாகிக்கிறார்கள்.