இங்கிலாந்தில் படகு வாங்கிக் குடியிருக்கப் போகிறவர்களுக்கு, பள்ளத்தூரிலிருந்து

எதிர்வீட்டுத் தம்பி போன வாரம் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான். பர்மிங்ஹாமில் வேலை உறுதியாகிவிட்டது, வீட்டு வாடகை கட்டுப்படியாகாது, அதனால் படகு பார்த்திருக்கிறேன் அண்ணே என்றான். ஏழடி அகலம், ஐம்பதடிக்கு மேல் நீளம். நம் வளவு வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஓடும் பத்தி ஒன்றை மட்டும் உருவித் தண்ணீரில் விட்டதுபோல இருந்தது. அதை அங்கே நேரோபோட் என்பார்கள். ஏழு வருடம் நானும் அப்படி ஒன்றில் இருந்தவன். "எங்கேப்பா கட்டப் போறே?" என்றுதான் முதலில் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

எனக்கும் அன்று இல்லை. படகை விற்றவர் "மூரிங்கோடு தருகிறேன்" என்றார், நம்பிப் பணம் கொடுத்தேன். மூரிங் என்றால் படகைக் கட்டிவைக்கும் இடம். அந்த ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது, படகோடு கைமாறாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வாரத்தில் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் பார்க்காமல் ஒரு பவுண்டுகூட கொடுக்காதீர்கள்.

ஊருணியில் யார் வேண்டுமானாலும் குடம் நிரப்பலாம் என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அங்கே கால்வாய் அப்படியில்லை. பெரும்பாலான கால்வாய்களில் பொதுமக்களுக்கு இருந்த போக்குவரத்து உரிமையை 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் எடுத்துவிட்டது. உரிமம் வாங்கினால்தான் படகு மிதக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழியை கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2012 முதல் பார்த்துக்கொள்கிறது. அவர்கள் உரிமம் தருவதற்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று கேட்கிறது: காப்பீடு, படகுப் பாதுகாப்புச் சான்றிதழ், அப்புறம் நிலையான மூரிங். சான்றிதழை நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

மூரிங் இல்லையா? அதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. உரிமக் காலம் முழுக்க உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும், ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. நம்மவர்கள் இடறுவது இங்கேதான். 14ஆம் நாள் நூறு கஜம் நகர்த்திவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கு வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. எத்தனை மைல் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் உரிமக் காலம் முழுக்க 20 மைலுக்குள்ளேயே சுற்றினால் அதைப் பயணமாக ஏற்பது கடினம் என்று டிரஸ்ட் சொல்லியிருக்கிறது. வேலை பக்கத்தில் இருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்பதெல்லாம் கூடுதலாக நிற்கக் காரணமாகாது. அதே சட்டம் "சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் காலம்" என்றும் ஒரு வாசல் திறந்துவைத்திருக்கிறது. உடம்பு முடியவில்லை, எஞ்சின் நின்றுவிட்டது, கால்வாய் உறைந்துவிட்டது என்றால் அன்றைக்கே எழுதித் தெரிவியுங்கள். ஜனவரியில் ஒரு காலை நான் கதவைத் திறந்தபோது படகைச் சுற்றி விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. போட்டோ எடுத்து அனுப்பினேன், நாள் நீட்டித்துக் கொடுத்தார்கள்.

கட்டும்போது டோபாத் பக்கம் கட்டுங்கள். முன்பு குதிரைகள் படகை இழுத்துப் போன நடைபாதை அது. எதிர்க்கரை பெரும்பாலும் யாருடைய சொத்தாவது. லாக் (தண்ணீரை நிரப்பி வடித்துப் படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) அருகிலும் தண்ணீர் பிடிக்கும் குழாயடியிலும் கட்டிவிட்டுப் போகாதீர்கள். 48 மணி நேரம் என்று பலகை இருந்தால் 14 நாள் கணக்கு அங்கே செல்லாது. உரிமம் இல்லாத படகை அகற்ற 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. அதற்கு 28 நாள் நோட்டீஸ் வரும். கதவில் ஒட்டிய காகிதத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

தேம்ஸ் வேறு கதை. அதில் பொதுமக்களுக்குப் போக்குவரத்து உரிமை உண்டு, ஆனாலும் லண்டனின் மேற்கிலுள்ள டெடிங்டனுக்கு மேலே சுற்றுச்சூழல் முகமையிடம் படகைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்குக் கீழே லண்டன் துறைமுக ஆணையத்தின் பொறுப்பு. போகிற உரிமை இருக்கிறது என்பதற்காகக் கரையில் மாதக்கணக்கில் கட்டிவைக்கலாம் என்று ஆகாது.

விசாவில் போகிறவர்களுக்கு இன்னொன்று. பல மூரிங்குகள் பொழுதுபோக்குப் படகுகளுக்கு மட்டும்தான், அங்கே குடியிருக்கவோ அதை முகவரியாகக் காட்டவோ விடமாட்டார்கள். குடியிருப்பு மூரிங் குறைவு, விலையும் அதிகம். குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய மட்டும் முகவரிச் சான்று தேவையில்லை. கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தம்பி விற்பவருக்கு எழுதிக் கேட்டான். இரண்டு நாளில் பதில் வந்தது: மூரிங் கிடையாது. நேற்று சாயங்காலம் திண்ணையில் பர்மிங்ஹாம் கால்வாய் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். தெற்கே வூஸ்டர் போகும் வழியில் டார்டபிக் என்ற இடத்தைக் காட்டினேன், 30 லாக் வரிசையாக. ஒவ்வொன்றாகத் தண்ணீரை நிரப்பி, வடித்து, கனத்த கதவைத் தோளால் தள்ளித் தாண்ட வேண்டும். "இதுக்கு ஒரு நாள் லீவு போடணுமே அண்ணே" என்றான். பென்சிலை அவன் கையில் கொடுத்து, வேலைக்குப் போய்வரத் தோதான நிறுத்தங்களை 14 நாளுக்கு ஒன்றாகக் குறிக்கச் சொன்னேன். ஏழாவதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.