அம்பாசடரில் ஆயில் குறையுது, தரையில் ஒரு சொட்டும் இல்லையா?

நிறுத்துமிடம் சுத்தமாக இருக்கும், புகையும் கண்ணில் படாது, ஆனால் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மட்டும் அளவு வாரா வாரம் கீழே இறங்கும். மெக்கானிக்கைக் கேட்டால் "ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்பார். சம்மதிக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள். நான் சொல்வது பழைய 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு. இசுசு எஞ்சின் வண்டிக்கு இது பொருந்தாது.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சமதளத்தில் அளவு பார்த்து கிலோமீட்டரோடு குறித்து வையுங்கள். ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் மூட்டுகளில் முகப்பவுடர் தூவி, ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஓட்டத்தில் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும், அதனால் கீழே நனைந்திருப்பதைப் பார்த்து சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) பேக்கிங்கைத் திட்டாதீர்கள். ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம்தான் குற்றவாளி.

பெரும்பாலும் அது மேனிஃபோல்டுக்கு (எஞ்சினோடு சேர்ந்த புகைக்குழாய்த் தொகுதி) அடியில் மறைந்திருக்கும் டேப்பட் சைடு கவராக, அதாவது எஞ்சின் பக்கவாட்டில் உள்ள தகட்டு மூடிகளில் ஒன்றாக இருக்கும். அங்கே கசிவது சூடான சைலன்சர் குழாயில் பட்டு அப்படியே கருகிவிடும், தரைக்கு வராது. வண்டியை நிறுத்தியதும் வருகிற கருகல் வாடைதான் துப்பு. கசிகிறதே என்று நடு போல்ட்டை இன்னும் முறுக்கினால் தகடு வளைந்து இன்னும் கசியும். கழற்றி, தகட்டைச் சமமாகத் தட்டி, புது பேக்கிங் போட்டு, அளவாக இறுக்குங்கள்.

அந்த சைடு கவர்களில் முன்னால் இருப்பதிலிருந்து வரும் பிரீதர் குழாயையும் (எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) கழற்றி ஊதிப் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த சந்தில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். முக்கியமாக பின்பக்கம், ஏனென்றால் அங்கே ரப்பர் சீலே கிடையாது, கிராங்க் ஷாஃப்டில் வெட்டிய மரைதான் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது. அங்கே கசியும் ஆயில் கிளட்சில் படும்; கிளட்ச் வழுக்கினால், பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடிய கூடு) அடித் துளையில் ஆடிக்கொண்டிருக்கும் காட்டர் பின்னைப் பாருங்கள், ஆயில் சொட்டும்.

வெளியே எல்லாம் காய்ந்திருக்கிறதா? சரி, அப்படியென்றால் எரிகிறது. இறக்கத்தில் கியரிலேயே காலை எடுத்துவிட்டு வந்து, திரும்ப மிதிக்கும்போது குபுக்கென்று நீலப்புகை வந்தால் வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங். உறுதி செய்ய கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பாருங்கள்: பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் குறைவாக இருந்த சிலிண்டரில் அழுத்தம் ஏறினால்தான் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், எஞ்சினை இறக்கும் பேச்சை அப்போது எடுக்கலாம்.