1948 கனடா வெள்ளி டாலர் வாங்கும் முன்

கனடாவில் 1948 வெள்ளி டாலர் 18,780 மட்டுமே அச்சடித்தார்கள். அதனால் போலிகளும் சுற்றுகின்றன. முதலில் எடை போடுங்கள்: 23.3 கிராம், விட்டம் 36 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டினால் வேண்டவே வேண்டாம். ஒட்டாததெல்லாம் அசலும் அல்ல.

அப்புறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையைச் சுற்றியுள்ள எழுத்தைப் படியுங்கள். இந்தியா விடுதலை பெற்றுவிட்டதால், 'இந்தியப் பேரரசர்' பட்டத்தைக் குறிக்கும் 'இண்ட் இம்ப்' 1948 நாணயத்தில் கிடையாது. இருந்தால், 1948-க்கு முந்தைய ஏதோ நாணயத்தில் ஆண்டைத் திருத்தியிருக்கலாம்.

தரம் பார்க்க, காதுக்கு மேலுள்ள முடி இழைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இழை மழுங்கியிருந்தால் புழங்கிய நாணயம். கறுத்திருக்கிறதே என்று தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். மயிரிழைக் கீறல் விழுந்து விலை வெகுவாக இறங்கிவிடும்.