சுஷி கவுண்டரில் மீனைக் காக்கவைக்காதீர்கள்

டோக்கியோவின் நிஷி கசாயில், ஸ்டேஷனுக்குப் பின்சந்தில், எட்டே பேர் உட்காரும் ஒரு சுஷிக் கடை. பதினொரு வருடமாகப் போகிறேன். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அங்கே கூட்டிப்போவதும் நான்தான். அன்று நான் அடித்த கூத்தையே ஒவ்வொருவரும் அடிக்கிறார்கள். சோற்றை சோயா சாஸில் முக்காதே, வசாபி என்ற பச்சைக் காரவிழுதை அதில் கரைக்காதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று. அதை விடுங்கள்.

வைத்ததை உடனே தின்னாமல் இருப்பது

தைஷோ, கடைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம், பிடித்து வைக்கும் சோறு உள்ளங்கைச் சூட்டில் இருக்கும். உள்ளே கொஞ்சம் காற்று நிற்கும்படி தளர்வாகப் பிடித்திருப்பார். மேலே மீன் குளிர்ச்சி. அப்படியே விட்டால் சோறும் இறுகும், மீனும் வெதுவெதுக்கும். கல்லிலிருந்து எடுத்த முறுகல் தோசையை வைத்துக்கொண்டு யாராவது ஊர்க்கதை பேசுவார்களா?

போன வாரம் ஒரு தம்பிக்கு கொஹாதா வந்தது. உப்பிலும் வினிகரிலும் ஊறிய, வெள்ளியாக மினுங்கும் சின்ன மீன். மூன்று கோணத்தில் படம். அப்புறம் அம்மாவுக்கு வாட்ஸ்ஆப். பக்கத்தில் இருந்த வாடிக்கைப் பாட்டி அவனைப் பார்க்கவில்லை, அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். தைஷோவின் கை ஈரத்துணி மேல் சும்மா கிடந்தது. அவன் சாப்பிடும்வரை அடுத்ததைப் பிடிக்க மாட்டார்.

திட்ட எனக்கு வாயில்லை. முதல் வருடம், உனி வைத்த நேரத்தில் எனக்கு போன் வந்தது. உனி என்பது கடல் முள்ளெலியின் மஞ்சள் சதை. அந்தக் கடையில் விலை கூடியவற்றில் ஒன்று. சோற்றைச் சுற்றி நோரி, அதாவது காய்ந்த கடற்பாசித் தாள், கட்டி அதன்மேல் வைப்பார். வெளியே போய்ப் பத்து நிமிடம் பேசினேன். அதற்குள் நோரி சாம்பாரில் விழுந்த அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். திரும்பி வந்தால் தட்டு காலி. ஒன்றும் சொல்லாமல் புதிதாக ஒன்று பிடித்து வைத்தார். பில்லில் ஒரு உனிதான். இரண்டுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கையை மட்டும் ஆட்டினார். நஷ்டம் அவருக்கு, எரிச்சல் இன்னும் எனக்கு.

நோரிச் சுருளைக் கையில் நீட்டினால் கையிலேயே வாங்குங்கள். தட்டில் வைக்காதீர்கள்.

கடைக்காரர் பாஷை

டீக்கு ‘அகாரி’, பில்லுக்கு ‘ஓஐசோ’. நெட்டில் படித்துவிட்டு ஒரு மாதம் நானும் அளந்தேன். அதெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் பேச்சு. பில் கேட்க நமக்கு ‘ஓகன்ஜோ’ போதும்.

மூலை இருக்கை

பாட்டியுடையது.

விலை எழுதாத மீன்

பலகையில் ‘ஜிகா’ என்றிருந்தால் அன்றைய சந்தை விலை. தைரியமாகக் கேளுங்கள். பயமாக இருந்தால் நாமி, ஜோ, தொகுஜோ என்று மூன்று தரத்தில் செட் உண்டு. மலிவான நாமியைச் சொன்னால் யாரும் மட்டமாக நினைப்பதில்லை. நான் இன்றைக்கும் மாதக்கடைசியில் நாமிதான்.

டிப்ஸ்

வேண்டாம். ஒருமுறை வைத்துவிட்டு வந்தேன். 500 யென் காசைத் தூக்கிக்கொண்டு, மரச்செருப்பு டக்டக்கென்று ஒலிக்க, சிக்னல்வரை ஓடிவந்தார் தைஷோ.