ஜெர்மனியிலிருந்து பக்கத்து நாட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்களா? ஏ1 வாங்காமல் கிளம்பாதீர்கள்

ஜெர்மனியில் வேலை பார்க்கிறீர்கள், மூன்று மாதம் ஆஸ்திரியாவுக்கோ பிரான்ஸுக்கோ போகச் சொல்கிறார்கள். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் கம்பெனியே போட்டுவிடும், ஆனால் ஏ1 சான்றிதழைப் பற்றி (சமூகக் காப்பீட்டை ஜெர்மனியிலேயே கட்டுகிறீர்கள் என்பதற்கான அத்தாட்சி) நாமாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் தேதி முடிவான அன்றே எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 விதிப்படி ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம்தான் பொருந்தும், பொதுவாக அது வேலை நடக்கிற நாடு. தற்காலிகமாக அனுப்பப்படுபவர்களுக்கு விலக்கு உண்டு: 24 மாதத்துக்குள் முடிகிற வேலை என்றால் பென்ஷன், மருத்துவம், வேலையின்மைக் காப்பீடு எல்லாவற்றுக்கும் ஜெர்மனியிலேயே கட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கான அத்தாட்சிதான் ஏ1. குறைந்தது இத்தனை நாள் என்ற கணக்கே கிடையாது, ஒரு நாள் மீட்டிங்குக்கும் வேண்டும்.

விண்ணப்பிப்பது கம்பெனியின் பொறுப்பு, ஆன்லைனில்தான். அரசு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு அவரவர் கிராங்கன்காஸேதான் (மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்) சான்றிதழ் தரும், தனியார் காப்பீடு என்றால் பெரும்பாலும் அரசு பென்ஷன் நிறுவனம். கைக்கு வந்ததும் அப்படியே மெயிலில் போட்டு வைக்காமல் திறந்து பாருங்கள்: பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா (நம் ஆட்களுக்கு அப்பா பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறுவது சாதாரணம்), தேதிகள் பயணத்தை முழுசாக மூடுகின்றனவா, போகிற இடத்தின் முகவரி சரியா. அப்புறம் இன்னொன்று, அங்கே ஏற்கெனவே அனுப்பப்பட்டவரின் காலம் முடிந்து அவருக்குப் பதிலாக உங்களை அனுப்பினால் இந்த விலக்கு பொருந்தாது, அதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கவனிக்க வேண்டியது: ஒன்றியத்தில் சட்டப்படி வசிப்பவர்களுக்கு 1231/2010 விதி வழியாக இதே உரிமை உண்டு. ஆனால் அது டென்மார்க்குக்கும், ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து, நார்வேக்கும் செல்லாது, அங்கே போவதென்றால் தனியாக விசாரித்தே ஆக வேண்டும். இந்தியாவிலிருந்து நேரடியாக ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு, இபிஎஃப்ஓ (இந்தியாவின் பிஎஃப் நிறுவனம்) தரும் கவரேஜ் சான்றிதழில் இருப்பவர்களின் கதை வேறு, அது இரு நாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருவது, ஏ1 அல்ல.

ஏ1 இருந்தால் வேலை அனுமதி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். விசா தனி. பெல்ஜியத்தில் லிமோசா, பிரான்ஸில் சிப்சி என்று, உங்களை அனுப்புவதைப் பற்றி கம்பெனி அந்த நாட்டு அரசிடம் செய்ய வேண்டிய பதிவும் தனி.

ஆஸ்திரியாவிலும் பிரான்ஸிலும் வேலையிடத்துக்கே வந்து சோதிப்பார்கள், ஏ1 காட்ட முடியாவிட்டால் அபராதம். அதனால் பிடிஎஃப்பை போனில் வையுங்கள், ஒரு பிரின்ட்டும் பையில் இருக்கட்டும். சான்றிதழ் தாமதமானால் விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியையாவது எடுத்துப் போங்கள். பின்தேதியிட்டும் ஏ1 தருவார்கள், ஆனால் சோதனைக்கு வந்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

மருத்துவத்துக்கு, அரசுக் காப்பீட்டில் இருந்தால் உங்கள் காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நட்சத்திர வட்டத்தோடு நீல நிறத்தில் இருப்பதுதான் ஐரோப்பிய மருத்துவ அட்டை, அங்கே டாக்டரிடம் அதைத்தான் நீட்ட வேண்டும்.