எக்ஸ்ரே எடுத்த தாய் பிள்ளையைத் தூக்கலாமா? கதிர்வீச்சுச் சொற்களைப் படிப்படியாக அறிவோம்

எங்கள் தோட்டத்தில், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த இளம் தாயொருவரை, "கதிர் உடம்பில் நிற்கும், பிள்ளையைத் தொடாதே" என்று மாமியார் தடுத்துவிட்டார். பாலுக்கு அழுத குழந்தையின் குரல் அன்றிரவு முழுவதும் பக்கத்துக் காம்பராவிலிருந்த எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அச்சம் அன்பினால் வந்ததுதான்; மூன்று சொற்களின் வேறுபாடு தெரிந்திருந்தால் அது தணிந்திருக்கும்.

முதற்படி: கதிரியக்கப் பொருள், கதிர்வீச்சு, கதிரியக்க மாசு ஆகியவற்றைப் பிரித்தறியுங்கள். அடுப்பில் எரியும் விறகைக் கதிரியக்கப் பொருளாகவும், அதன் வெக்கையைக் கதிர்வீச்சாகவும், கையில் ஒட்டும் தணற்பொடியை மாசாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்காய்ந்தவர் எழுந்து போகையில் அடுப்பு அவரோடு போவதில்லை. எக்ஸ்ரே இயந்திரத்திலோ விறகே கிடையாது; மின்சாரத்தால் உண்டாகும் கதிர், ஆளியை நிறுத்தியதும் நின்றுவிடுகிறது. ஆனால், தைரொயிட் நோய்க்குக் கதிரியக்க அயடீனை விழுங்கியவரின் உடலுக்குள் பொருளே இருப்பதால், மருத்துவர் குறிக்கும் நாள்வரை அவர் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதையும் சிகிச்சைக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆகவே, "பொருள் உள்ளே போனதா, கதிர் மட்டும் பட்டதா?" என்பதையே முதலில் கேளுங்கள்.

இரண்டாம் படி: அரைவாழ்வுக் காலம். கதிரியக்கப் பொருளில் பாதி சிதைந்து முடிய எடுக்கும் காலம் இது. அயடீன் 131க்கு 8 நாட்கள். எனவே 16 நாட்களில் காற்பங்கே எஞ்சும். சீசியம் 137க்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள். 1904ஆம் ஆண்டு நிலவியலாளர் ஆனந்த குமாரசுவாமி நம் இலங்கையில் கண்டறிந்த தோரியனைட் கனிமத்திலுள்ள தோரியம் 232க்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள்.

மூன்றாம் படி: அலகுகள். ஒரு செக்கனில் ஓர் அணுக்கரு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். உடலுக்கு நேரக்கூடிய தீங்கைக் கணிப்பது சீவேட். நடைமுறையில் அதன் ஆயிரத்திலொரு பங்கான மில்லி சீவேட்டே பயன்படுகிறது. மண், பாறை, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து மனிதருக்கு ஆண்டுதோறும் உலகச் சராசரியாக 2.4 மில்லி சீவேட் கிடைக்கிறது. உயரம் கூடக்கூட விண்வெளிக் கதிர் கூடுவதால், நுவரெலியாவில் வாழ்பவருக்குக் கொழும்பில் வாழ்பவரைவிட அந்தப் பங்கு சற்று அதிகம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது 0.1 மில்லி சீவேட் அல்லது அதைவிடக் குறைவு. அதாவது இயற்கையிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் நாம் பெறும் அளவுதான் அது, அல்லது அதைவிடக் குறைவு. சீ.ரீ. ஸ்கானில் பல மில்லி சீவேட் கிடைப்பதால், அது ஏன் தேவை என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

நான்காம் படி: பாதுகாப்பு. நேரத்தைக் குறைத்து, தூரத்தைக் கூட்டி, இடையே தடுப்பு வைக்க வேண்டும். சிறிய மூலமொன்றிலிருந்து ஒரு மீற்றரில் நின்றவர் இரண்டு மீற்றருக்கு விலகினால் கதிர் காற்பங்காகிவிடும். துணைக்கு வந்தவரை எக்ஸ்ரே அறைக்கு வெளியே நிற்கச் சொல்வது இதனால்தான். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால், படம் எடுக்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: கதிர்வீச்சு ஆபத்தை எச்சரிக்கும், மஞ்சள் பின்னணியிலுள்ள கறுப்பு மூவிதழ்க் குறியை வீட்டிலுள்ள அனைவருக்கும் காட்டிவையுங்கள். 1987இல் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரத்தின் பாகத்தைப் பழைய இரும்புக்காக உடைத்தபோது, உள்ளிருந்த சீசியம் 137 தூள் இருளில் நீலமாக ஒளிர்ந்தது. அழகென்று அதை உறவினரோடு பகிர்ந்துகொண்டார்கள். ஒரு சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். பழைய இரும்புக் குவியலில் இக்குறியுள்ள பெட்டியைக் கண்டால், தொடாமல் விலகி நின்று, மற்றவர்களையும் நெருங்கவிடாமல், உடனே பொலிஸாருக்கு அறிவியுங்கள்.