ஒரு எண், ஒரு வருசம்: எம் 8 என்ஜினைச் சரியாகச் சின்னதாக்குவது

மட்டக்களப்பில் வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். மிச்ச நேரத்தில் டீசல் ரயில் என்ஜின்களின் மாதிரி செய்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: "எம் 8 செய்யப் போகிறேன்" என்று இறங்காதீர்கள். இன்ன எண்ணுள்ள எம் 8, இன்ன வருசம் ஓடிய கோலத்தில் என்று தீர்மானித்துவிட்டு இறங்குங்கள். எம் 8 என்பது இலங்கை ரயில்வேயின் ஒரு டீசல் என்ஜின் வகை. 841 முதல் 848 வரை எட்டு என்ஜின்கள் 1996 இல் இந்தியாவின் வாரணாசித் தொழிற்சாலையிலிருந்து வந்தன. வரும்போது எல்லாம் ஒரே அச்சு. பிறகு ஒவ்வொன்றும் திருத்த வேலைக்குப் போய், வேறு நிறம் பூசி, வேறு விளக்கு மாட்டித் திரும்பியது. நம்முடைய பாதையில் இன்னொரு காரணமும் உண்டு. வெலிக்கந்தை, புனானைப் பக்கத்துக் காட்டுக்குள்ளால் ஓடும் என்ஜின் யானையில் மோதினால் முன்பக்கத் தகடும் குழாய்களும் பழையபடி இருக்கப் போவதில்லை. வருசத்தைத் தீர்மானிக்காமல் பத்துப் படங்களைப் பார்த்துச் செய்தால், எந்தக் காலத்திலும் ஓடாத ஒரு என்ஜின்தான் மேசையில் நிற்கும்.

அடுத்தது அளவுவிகிதம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சிக்குகிறார்கள். இலங்கையின் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மி.மீ. அதில் 1:87 அளவில் (நிஜத்தின் 87 இல் ஒரு பங்கு) என்ஜினை வைத்தால், பாதை இருக்க வேண்டிய அகலம் 19.3 மி.மீ. 1:76 இல் 22 மி.மீ. இரண்டிலும் உடம்பு அகலமாகவும் சில்லுகள் உள்ளே ஒடுங்கியும் தெரியும். முன்னாலிருந்து பார்த்தால் உடனே கண்ணில் குத்தும். நான் 1:100 இல் செய்கிறேன். 1676ஐ நூறால் வகுத்தால் 16.76. கடைத் தண்டவாளத்துக்கு கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். யார் கண்ணுக்கும் தெரியாது. அதோடு பிளான் கீறுகிறவர்களின் அளவு அடிமட்டத்தில் 1:100 பக்கம் ஏற்கெனவே இருக்கிறது, கணக்குப் போடவே தேவையில்லை. 17.12 மீற்றர் நீளம் 171 மி.மீ., 2.86 மீற்றர் அகலம் 28.6 மி.மீ., 4.18 மீற்றர் உயரம் ஏறத்தாழ 42 மி.மீ. குறை ஒன்றுதான்: இந்த அளவில் கடையில் என்ஜின் கிடைக்காது. ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நீங்களே கட்ட வேண்டும். எனக்கு அதில்தான் சந்தோசமே.

படம் எடுப்பது தனி வேலை. மட்டக்களப்பு கடைசி ஸ்டேசன் என்பது நமக்கு வசதி. வந்த என்ஜின் கழன்று, பெட்டிகளைச் சுற்றி மறுபக்கம் போய்த்தான் திரும்பக் கொழுவும். அப்போது இரண்டு முனையும் காணக் கிடைக்கும். ஸ்டேசன் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பாதையில் இறங்க வேண்டாம். கல்முனையில் இருக்கிற என் மச்சான் மாதிரி, ரயில் பாதையே இல்லாத அம்பாறை மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், அன்றைக்கு எந்த என்ஜின் வந்தாலும் அதையே எடுத்துக்கொண்டு போவது புத்தி. கொழும்பிலிருந்து வரும் உதயதேவி ரயிலில் இன்றைக்கு எம் 8 வந்தால் நாளைக்கும் அதுதான் வரும் என்று சொல்ல முடியாது.

பக்கவாட்டுப் படம் ஒன்று மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும், மிச்சத்தை அதிலிருந்தே எடுக்கலாம். கிட்ட நின்று எடுத்தால் நடுப்பகுதி உப்பி, இரண்டு முனையும் சுருங்கும். முடிந்தவரை தள்ளி நின்று, என்ஜினின் நடுவுக்கு நேரே, சூம் பண்ணி எடுங்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, என்ஜினின் ஒரு முனையிலுள்ள பஃபரிலிருந்து (மோதலைத் தாங்கும் முட்டு) மறுமுனைப் பஃபர் வரை பிக்சல் எண்ணுங்கள். 3424 பிக்சல் வந்தால், 17,120 மி.மீ.ஐ அதால் வகுக்க ஒரு பிக்சல் 5 மி.மீ. அந்தப் படத்தில் ஒரு பொனட் (மோட்டாரை மூடும் கூடு) கதவு 120 பிக்சல் என்றால் நிஜத்தில் 600 மி.மீ., உங்கள் தகட்டில் 6 மி.மீ. இப்படியே ஒவ்வொரு கதவையும், கிரில்லையும், படியையும் எடுத்துவிடலாம். சில்லை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். புதுச் சில்லு 1092 மி.மீ. விட்டம், தேய்ந்து தேய்ந்து 1016 வரைக்கும் இறங்கும்.

சரி, சில்லுக்கு என்ன செய்வது? 1:87 காரர்கள் சரக்குப் பெட்டிக்கு வாங்கும், நிஜத்தில் 36 அங்குலமான சில்லின் மாதிரிக்கு விட்டம் 10.5 மி.மீ. நமக்கு வேண்டியது 10.2க்கும் 10.9க்கும் இடையில். ஆக, பாதி தேய்ந்த எம் 8 சில்லு ரெடிமேடாகவே கிடைக்கிறது.

என்ஜினின் முகத்தைவிட, சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டமான போகியில்தான் உண்மை தெரியும் என்பது என் கருத்து. எம் 8, இந்தியாவின் டப்ளியூடிஎம் 2 வகை. அதன் போகியில் மூன்று அச்சும் சம இடைவெளியில் இல்லை. நடு அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். முதல் அச்சிலிருந்து மூன்றாவது வரை 3.81 மீற்றர், நமக்கு 38 மி.மீ. அதற்குள் நடு அச்சின் இடத்தைப் படத்தில் அளந்து வையுங்கள். சம இடைவெளியில் வைத்தால், அதே வாரணாசியில் பிற்காலத்தில் செய்த எம் 11 போகியின் சாயல் வந்துவிடும். பெயின்ற் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரயில் தெரிந்தவன் ஒரு பார்வையில் பிடித்துவிடுவான். என் மச்சான் அப்படித்தான், "எல்லாம் சரி மச்சான், மறுகா இந்தக் கால் மட்டும் ஏன் வேற என்ஜின்ட கால்?" என்று கேட்பான்.

இந்திய வரைபடங்களை எடுக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். அங்கே ஜம்போ என்று சொல்கிற டப்ளியூடிஎம் 2 களில் குட்டைப் பொனட்டைத் தாழ்த்தி, கண்ணாடியைப் பெரிதாக்கியிருப்பார்கள். உங்கள் என்ஜினின் படத்தோடு ஒப்பிடாமல் அந்த வரைபடத்தை வெட்டக் கூடாது. பஃபர் பலகையில் தொங்கும் குழாய்களையும் பாருங்கள். வெற்றிட பிரேக் என்றால் தடித்த குழாய், காற்றுப் பிரேக் என்றால் மெல்லிய குழாய்கள். இது சின்ன விசயம்தான், ஆனால் முன்பக்கத்தின் முகவெட்டையே மாற்றிவிடும்.

எம் 2 செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் இலகு. 1954 இல் கனடாவிலிருந்து வரத் தொடங்கிய, ஈஎம்டி நிறுவனத்தின் ஜி12 வகை அது. 569 ஒன்ராறியோ, 570 அல்பேட்டா என்று மாகாணப் பெயர் தாங்கியவை. சுனாமியில் பெரலியவில் அகப்பட்ட ரயிலை இழுத்த 591 மனிடோபாவும் இந்த வகைதான். பிரேசிலின் ஃபிராடேஸ்கி நிறுவனம் 1:87 இல் ஜி12 செய்கிறது. சில்லுகள் ஒடுங்கித் தெரிவதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் மேல் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள், போகியைச் சரிபாருங்கள். 1954 இல் வந்தவற்றில் போகிக்கு மூன்று அச்சு. நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது.

கைப்பிடிக் கம்பிக்குக் கிட்டாரின் மிக மெல்லிய தந்தி: 0.25 மி.மீ. வயருக்குள் இருக்கும் செப்பு இழையும் அதே தடிப்புத்தான், ஆனால் கை பட்டாலே வளையும்.

எண்ணை வெள்ளையில் அச்சடிக்க வீட்டுப் பிரிண்டரால் முடியாது. வெள்ளை டெகல் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்), எண்ணைச் சுற்றியுள்ள இடத்தை என்ஜினின் நிறத்தில் அச்சடித்து, எண்ணை வெறுமையாக விடுங்கள். இதற்காகவே முதலில் டெகலின் நிறத்தைப் பார்த்துவிட்டு அதற்கேற்பப் பெயின்ற் கலக்கிறேன். பெயின்ற் முழுப் பளபளப்பாகவும் இருக்கக் கூடாது. இந்த அளவில் அரை மங்கல்தான் உண்மையாகத் தெரியும். அழுக்கை எல்லா இடத்திலும் தெளிக்காதீர்கள். போகியில் பிரேக் தூசியின் துருநிறம், டாங்கி வாயின் கீழே எண்ணெய் வழிந்த கறுப்பு, புகைபோக்கியைச் சுற்றிக் கரி. டர்போ உள்ள எம் 8க்கு அந்தக் கரி கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் மாதிரியை ஜன்னலோரம் வைத்து, பக்கவாட்டுப் படத்தில் என்ஜின் தெரிந்த அதே கோணத்தில் போனில் எடுங்கள். இரண்டு படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் போய்விட்டால் ஜன்னல் கூரைக்குக் கிட்டப் போனதும், பொனட் அரை மில்லிமீட்டர் உயர்ந்ததும் தெளிவாகத் தெரியும். ஜன்னல் தள்ளியிருந்தால் கழற்றிவிட்டு மீண்டும் ஒட்டுங்கள். பொனட்டுக்கு அடியில் ஒரு உப்புத்தாள் தேய்ப்புப் போதும்.